பழைய பொம்மை வீரனுக்குப் புது வண்ணம்

மேசை விளையாட்டில் வரும் கட்டைவிரல் உயர பிளாஸ்டிக் வீரர்களுக்கு நீங்களே புது வண்ணம் தீட்டலாம். முதலில் சோப்புத் தண்ணீரில் பழைய டூத்பிரஷால் தேய்த்துக் கழுவி உலர்த்துங்கள். பிசுக்கு இருந்தால் பெயின்ட் ஒட்டாது. பிறகு பிரைமர் (அடிவண்ணம்) ஒரு பூச்சு. அதன்மேல் அக்ரிலிக் வண்ணத்தில் சிறிது தண்ணீர் கலந்து, மெல்லியதாக இரண்டு பூச்சு. கெட்டியாகப் பூசினால் கண்ணும் மூக்கும் மறைந்துவிடும். கடைசியில் நீர்த்த கரும்பழுப்பு வண்ணத்தைத் தடவுங்கள். அது உடை மடிப்புகளில் தங்கி நிழலாகத் தெரியும். பழைய பெயின்டை எடுக்க அசிட்டோன் மட்டும் வேண்டாம்: பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கால் ஆன பொம்மையையே அது கரைத்துவிடும். நண்பர்கள் சேர்ந்து வண்ணங்களை வாங்கினால் செலவும் குறையும். இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்குங்கள்!