"தண்ணி தெளிவாத்தான் இருந்துச்சு, டாக்டர்"

ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகும் வடசென்னையிலிருந்து வாந்தி பேதியோடு வரும் பிள்ளைகளின் கூட்டம் எங்கள் ஆஸ்பத்திரியில் கூடிவிடுகிறது. அதைவிட வேதனை, அவர்கள் வந்து சேரும் நிலை. கண் குழிவிழுந்து, நாக்கு வறண்டு, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு உடனே விரியாமல் நிற்கும். முதல் நாள் மெடிக்கல் ஷாப் மாத்திரை, மறுநாள் தொக்கம் எடுப்பவர் வீடு, அதன் பிறகுதான் ஆஸ்பத்திரி. தண்ணீரைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் ஒரே பதில் சொல்கிறார்கள்: தெளிவாகத்தான் இருந்தது என்று.

தெளிவு வேறு, சுத்தம் வேறு

காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலைக் கிருமிகள் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடிபோல் இருக்கும் தண்ணீரிலும் அவை இருக்கலாம்.

"எங்களுக்கு இந்தத் தண்ணி பழகிடுச்சு" என்கிறார்கள். பெரியவர்கள் சமாளித்துக்கொள்ளலாம். தாய்ப்பால் மறந்த ஒரு வயதுக் குழந்தைக்கு எப்படிப் பழகியிருக்கும்? கர்ப்பிணிக்குக் கடைசி மூன்று மாதத்தில் ஹெபடைடிஸ் 'ஈ' வகைக் காமாலை வந்தால், நூற்றுக்கு 20 முதல் 25 பேர் வரை உயிரிழக்கக்கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதில் காமாலைக்கென்று கையில் சூடு போட்டுக்கொண்டு வருகிறவர்களையும் பார்க்கிறேன். சூடு போட்ட இடம் புண்ணாகும், ஈரலுக்கு ஒரு பயனும் இல்லை.

தெருவில் தண்ணீர் விற்பவர் மீட்டரை முக்கி, டிடிஎஸ் குறைவு என்று காட்டுகிறார். அந்தக் கருவி கரைந்திருக்கும் உப்பை அளக்கும், கிருமியை அளக்காது.

துணியில் வடிகட்டினால் போதும் என்பது இன்னொரு நம்பிக்கை. வங்கதேசக் கிராமங்களில் பழைய சேலையைப் பல மடிப்பாக மடித்து வடிகட்டியபோது காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது உண்மை, 2003இல் அந்த ஆய்வு வெளியானது. ஆனால் மீதிப் பாதி அப்படியே இருந்ததே!

கொதிக்க வைப்பது நல்லது. தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் கிருமி சாகும். ஆனால் கொதித்து ஆறிய குடத்தில் கையோடு டம்ளரை விட்டு மொண்டால், செலவழித்த கேஸ் வீண். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துப் புளோரைடு தண்ணீருக்கோ கொதிக்க வைப்பது மருந்தே இல்லை. தண்ணீர் வற்ற வற்றப் புளோரைடின் அடர்த்தி கூடத்தான் செய்யும்.

ஏழைக்குக் கட்டுப்படியாகும் வழி

இருபது லிட்டர் கேன் 30, 40 ரூபாய். தினக்கூலி வீட்டில் ஐந்து பேர் குடிக்க அதை நாள்தோறும் வாங்கச் சொல்ல எனக்கு வாய் வராது. குளோரின் மாத்திரை அதைவிட மிகமிக மலிவு. உறையில் போட்டிருக்கும் அளவுப்படி குடத்தில் போட்டு, மூடி, அரைமணி நேரம் விட வேண்டும். கலங்கல் தண்ணீரானால் முதலில் தெளியவிட்டு வடிகட்டுங்கள். மருந்து வாடை அடிக்கிறது என்று கொட்டிவிடாதீர்கள். குழாய்த் தண்ணீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி. லேசான வாடை அடித்தால் பயப்பட ஒன்றுமில்லை.

குடத்துக்கு மூடி, மொள்ள நீண்ட காம்புள்ள கரண்டி. முடிந்தால் அடியில் குழாய் வைத்த பாத்திரம். இவ்வளவுதான் கேட்கிறேன்.

பேதி தொடங்கிய உடனே

வயிற்றைக் காயப்போடாதீர்கள். ஒவ்வொரு பேதிக்கும் பிறகு இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி ஓஆர்எஸ் என்ற உப்பு-சர்க்கரைக் கரைசலைக் கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதன் பொட்டலத்தை இலவசமாகவே தருகிறார்கள். கடையில் ஓஆர்எஸ் என்ற பெயரோடு அட்டைப் பெட்டியில் விற்ற இனிப்புப் பானத்தை நம்பி வாங்கியவர்கள் எத்தனை பேர்! அந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. பொட்டலம் கிடைக்காத ராத்திரியில், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டி ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. தாய்ப்பாலும் சாப்பாடும் நிற்கக் கூடாது. துத்தநாக மாத்திரை 14 நாள், பேதி நின்றாலும் தொடர வேண்டும்.

பேதியை நிறுத்தும் மாத்திரையைப் பிள்ளைக்குத் தயவுசெய்து கொடுக்காதீர்கள். அது குடலின் அசைவைக் கட்டிப்போடும், உடம்பில் வற்றிய நீரைத் திருப்பித் தராது. வீட்டில் எஞ்சிய ஆன்டிபயாடிக்கை எடுத்துக் கொடுப்பதும் வேண்டாம். பிள்ளை சோர்ந்து கிடந்தால், சிறுநீர் போகாவிட்டால், மலத்தில் ரத்தம் வந்தால் 108ஐக் கூப்பிடுங்கள்.



தெருக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள்

தண்ணீர் விட்டுவிட்டு வரும் தெருவில், குழாய் காலியாக இருக்கும் நேரத்தில்தான் விரிசல் வழியே சாக்கடை உள்ளே போகிறது. மெயின் குழாயில் நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சினால் அந்த இழுப்பு இன்னும் கூடும். அந்த மோட்டாரைக் கழற்றிவிடுங்கள், காலில் விழுந்து கேட்கிறேன். முதலில் வரும் தண்ணீரைக் குடிக்கப் பிடிக்காதீர்கள். சாக்கடை வாடை வந்த அன்றே நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து குடிநீர் வாரியத்தில் புகார் எழுதிக் கொடுங்கள். ஒரே வாரத்தில் தெருவில் மூன்று பிள்ளைகளுக்குப் பேதி என்றால் சுகாதார ஆய்வாளருக்குத் தகவல் சொல்லுங்கள், குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறதா என்று உங்கள் கண் முன்னாலேயே பார்க்கச் சொல்லுங்கள்.