மூப்பும் மருந்துப் பையும்

ரப்பரும் செம்பனையும் விளையும் குளுவாங் மாவட்டத்துச் சிம்பாங் ரெங்கம் போன்ற ஊர்களில், முதியவர்க்கு மருந்து ஒரே வழியில் வருவதில்லை. நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் அரசாங்க மருத்துவ நிலையம். காய்ச்சலுக்குத் தனியார் கிளினிக். முழங்கால் வலிக்கு யாரோ விற்கும் பெயரறியாப் பொடி. மலேசியாவில் தனியார் மருத்துவரே மருந்தையும் கொடுக்கும் வழக்கம் இருத்தலின், ஒருவர் தந்ததை மற்றவர் அறியும் வாய்ப்புக் குறைவு. எல்லாம் ஒன்றுகூடுமிடம் நோயாளரின் வயிறே.

இளமை பொறுக்கும் கலப்பை மூப்பு பொறுப்பதில்லை. வயது ஏற ஏறச் சிறுநீரகத்தின் வடிக்கும் ஆற்றல் குறைதலால், பல மருந்துகள் உடலில் நெடுநேரம் தங்கிவிடுகின்றன. கிளிபென்கிளமைடு என்னும் நீரிழிவு மாத்திரை இதற்குத் தக்க சான்று. அதை உண்டவர் ஒருவேளை உணவைத் தவறவிட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். மயங்கிக் கிடப்பவரை ‘வயதான தளர்ச்சி’ என்று வீட்டார் விட்டுவிடுவதும் உண்டு. அறுபது வயதுக்கு மேற்பட்டோர்க்கு அம்மாத்திரை ஏற்றதன்று என உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலே குறித்துள்ளது. முதியோர்க்குத் தகாத மருந்துகளை 1991-இல் தொகுத்த அமெரிக்க மருத்துவர் மார்க் பியர்சின் பட்டியல், 2023-இலும் புதுப்பிக்கப்பட்டது.

எனலாப்பிரில் போன்ற கொதிப்பு மாத்திரையையும் நீர்பிரிக்கும் மாத்திரையையும் உண்பவர், டைக்ளோஃபினாக் போன்ற வலிமாத்திரையையும் சேர்த்தால் சிறுநீரகம் திடீரெனப் பழுதாகலாம்.

பொடியின் கதை இன்னும் கொடிது. நாட்டு மருந்தென விற்கப்பட்டவற்றில் டெக்சாமெதசோன் என்னும் ஸ்டீராய்டு கலந்திருந்ததை மலேசிய அதிகாரிகள் பலமுறை கண்டறிந்து அறிவித்துள்ளனர். வலி விரைவில் பறக்கின்றது, நம்பிக்கை பிறக்கின்றது. பின்னர்ச் சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும். நெடுநாள் உண்டபின் சட்டென நிறுத்தினாலோ உயிருக்கே ஆபத்து. ஆதலின் ஐயமெழுந்த பொடியைக் குப்பையில் எறியாமல் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். பதிவுபெற்ற மருந்தின் உறையில் ‘எம்.ஏ.எல்.’ என்ற எழுத்துக்களும் எண்ணும் இருக்கும். நாட்டு மருந்தாயின் ஈற்றில் ‘டி’ என்ற எழுத்து வரும்.

உறையைப் படிப்பதிலும் ஓர் இடர் உண்டு. மலாயில் ‘செபெலும் மக்கான்’ எனில் உணவுக்கு முன். ‘செலெபாஸ் மக்கான்’ எனில் உணவுக்குப் பின். பேச்சு மலாய் சரளமாக வரும் தோட்டத்து முதியவரும், தமிழ்ப்பள்ளியில் சில வகுப்பே பயின்றவராயின், எழுத்தில் தடுமாறலாம். தமிழாசிரியர் இதை மாணவர்க்கு வீட்டுப்பாடமாகவே தரலாம்: தாத்தா பாட்டியின் மருந்து ஒவ்வொன்றும் எதற்கு, எப்போது, யார் தந்தது எனத் தமிழில் ஒரு தாள், பொடியும் அதில் இடம்பெறவேண்டும். மருந்தின் பெயரை மட்டும் உறையிலுள்ளபடி ரோமன் எழுத்திலேயே படியெடுக்கவேண்டும்; அடுத்த தவணையில் அத்தாளை வாங்கிப் பார்க்கும் மருந்தாளர்க்குத் தமிழ் தெரிந்திராது.