பாறை மேல் சைக்கிள்: பனிக்காலத்தில் ஒரு பயணம்

தங்கவயலில் சைக்கிள் என்றால் ஷிஃப்டு என்று பொருள். சங்கு ஊதியதும் மாரிகுப்பம், சாம்பியன் ரீஃப், உரிகம் லயன்களிலிருந்து புறப்பட்டு, ஹாண்டில் பாரில் சாப்பாட்டுத் தூக்கு ஆட, சுரங்கத்துக்குப் போன சைக்கிள் வரிசையைப் பார்த்து வளர்ந்தவர்கள் நம்மில் பலர். சைக்கிளை உல்லாசத்துக்கு ஓட்டுவது, அதுவும் நல்ல ரோட்டை விட்டுவிட்டு மொட்டைப் பாறை மேல் ஓட்டுவது என்று சொல்லியிருந்தால் அந்தத் தலைமுறை வயிறு குலுங்கச் சிரித்திருக்கும்.

ஆனால் அந்த உல்லாசத்தால் மறுபடியும் பிழைத்த ஊர் ஒன்று இருக்கிறது. அதுவும் நம்முடையதைப் போல ஒரு சுரங்க ஊர். அந்த ஊரின் கதையையும், சென்ற ஜனவரியில் நம் வட்டாரப் பாறைகளில் நாங்கள் செய்த ஒரு சிறு சைக்கிள் பயணத்தையும் சேர்த்து வாசக அன்பர்களுக்குச் சொல்லலாம் என்று இருக்கிறேன்.

மோவாப் என்னும் ஊர்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், கொலராடோ ஆற்றின் கரையில், பாலைவனத்துக்கு நடுவே மோவாப் என்றொரு சிற்றூர் உள்ளது. விவிலியம் படித்தவர்களுக்கு இது பழகிய பெயர்தான். 1952-ல் சார்லி ஸ்டீன் என்ற நிலவியலாளர் அந்த வட்டாரத்தில் பெரிய யுரேனியப் படிவம் ஒன்றைக் கண்டுபிடித்தார். அணுகுண்டுக் காலம் அது. ஊர் ஒரே பாய்ச்சலாக வளர்ந்தது. உலகின் யுரேனியத் தலைநகர் என்று தன்னை அழைத்துக்கொண்டது. 1956-ல் கனிமத்தை அரைத்துப் பிரிக்கும் பெரிய ஆலையும் வந்தது. பிறகு யுரேனியத்தின் விலை சரிந்தது. 1984-ல் ஆலை மூடப்பட்டது. வேலை போனவர்கள் வீடுகளை விற்கவும் முடியாமல் வேறு ஊர் தேடிப் போனார்கள். 2001 பிப்ரவரி 28-ஆம் நாளை நேரில் பார்த்த நமக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

அந்த ஊரைச் சுற்றிலும் விளைச்சலுக்கு ஆகாத மொட்டைப் பாறைகள் மைல் கணக்கில் கிடந்தன. 1969-லேயே மோட்டார் சைக்கிள்காரர்களுக்காக அந்தப் பாறைகள் மீது வெள்ளைக் கோடுகள் வரைந்து, சுமார் 10 மைல் நீளத்துக்கு ஒரு தடம் போட்டிருந்தார்கள். அதற்கு ஸ்லிக்ராக் தடம், அதாவது வழுக்குப்பாறைத் தடம் என்று பெயர். 1970-களின் பிற்பகுதியில் கலிபோர்னியாவில் சில இளைஞர்கள் பருத்த டயரும் பல கியரும் கொண்ட மலை சைக்கிளை உருவாக்கினார்கள். 1983-ல் க்ராஃப் சகோதரர்கள் மோவாபில் ஒரு சைக்கிள் கடை திறந்தார்கள். ஆலை மூடப்படுவதற்கு முந்தைய ஆண்டு அது. மோட்டார் சைக்கிள் தடத்தில் மலை சைக்கிள்கள் ஓடத் தொடங்கின. கொஞ்சம் கொஞ்சமாக உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். இன்று மலை சைக்கிள்காரர்களுக்கு மோவாப் ஒரு புண்ணியத்தலம் மாதிரி.

வழுக்குப்பாறை ஏன் வழுக்குவதில்லை?

பெயர்தான் வழுக்குப்பாறை. அந்தப் பெயரை வைத்தவர்கள் லாடம் அடித்த குதிரையிலும் இரும்புப் பட்டை போட்ட வண்டியிலும் வந்த பழைய குடியேறிகள். இரும்பு கல்லில் வழுக்கும். ரப்பருக்கு அந்தக் கவலை இல்லை.

ரயில்வேயில் காலம் தள்ளியவன் என்பதால் இதை என் பாஷையில் சொல்கிறேன். எஞ்சினின் இரும்புச் சக்கரம் தண்டவாளத்தைப் பிடிக்கும் பிடி, நன்றாகக் காய்ந்திருக்கும்போதே அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுவது அரிது. பனி இறங்கினால் இன்னும் குறையும். அதனால்தான் எஞ்சினில் மணல் பெட்டி வைத்து, தேவைப்படும்போது சக்கரத்துக்கு முன்னால் மணல் தூவுகிறோம். பம்பாய்–பூனா பாதையில் போர் காட் ஏற்றம் 1-க்கு 37தான். அதற்கே பின்னாலிருந்து தள்ள வேறு எஞ்சின் வேண்டியிருக்கிறது. காய்ந்த சொரசொரப்பான கல்லில் ரப்பர் டயரின் பிடி இதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். மோவாபின் பாறையோ ஏறக்குறைய 19 கோடி ஆண்டுகளுக்கு முன் மணற்குன்றாக இருந்து இறுகியது. அதாவது உப்புக்காகிதம் மாதிரி. மணல் பெட்டியே தேவையில்லை, பாதையே மணல்தான்! ஆகவே 1-க்கு 3 ஏற்றத்தில்கூட அங்கே சைக்கிளில் ஏறுகிறார்கள். டயர் கைவிடாது, நுரையீரல் கைவிடாமல் இருந்தால் போதும்.

கோடையில் அந்தப் பாறை அடுப்பாகக் கொதிக்கும். அதனால் குளிர்காலத்திலும் சிலர் போகிறார்கள். இரவில் உறைநிலைக்குக் கீழே போய்விடும். நிழல் விழும் சரிவுகளில் பனிக்கட்டி கிடக்கும். வெயில் ஏறிய பிறகே வண்டியை எடுக்க வேண்டும் என்பது அங்கே விதி.

நம்மூர் பாறையில்

என் தங்கை மகன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். சனி, ஞாயிறுகளில் நண்பர்களோடு மலை சைக்கிள் ஓட்டுவது அவன் பழக்கம். “மாமா, மோவாபுக்கு விமான டிக்கெட் எடுக்க நமக்கு வக்கில்லை. உங்க ஊர்ப் பக்கம் பாறைக்கா பஞ்சம்?” என்றான். யோசித்துப் பார்த்தால் நியாயமான கேள்விதான். தங்கம் கிடைத்த கருமையான பாறைப் பட்டை ஒடுங்கலானது. அதன் இருபுறமும் கோலார் மாவட்டம் முழுக்க மொட்டைக் கிரானைட் குன்றுகள். 250 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட வயது. வெயிலிலும் மழையிலும் வெங்காயத்தோல் மாதிரி ஏடு ஏடாக உரிந்து, யானை முதுகுபோல் வழவழவென்று வளைந்து கிடக்கின்றன.

மார்கழி முடியப்போகும் சமயம். காலை ஆறு மணிக்கு ராபர்ட்சன்பேட்டையிலிருந்து ஐந்து பேர் புறப்பட்டோம். எனக்கும் ஒரு கியர் சைக்கிள் கொண்டுவந்திருந்தார்கள். ஸ்வெட்டரும் மஃப்ளருமாக நான் முன்னால் போனேன், வழிகாட்டி என்ற மரியாதையில். பேத்தமங்கலம் சேரும்போது ஏரி மேல் புகைபோல் பனி. பாலாற்றைத் தேக்கிய இந்த ஏரியிலிருந்துதான் தங்கவயலுக்குக் குடிநீர் வந்தது என்று சொன்னபோது, பெங்களூர்ப் பிள்ளைகள் சைக்கிளை நிறுத்திவிட்டு அதைப் பார்த்தார்கள். சூடாக டீ குடித்துவிட்டு வடக்கே மிதித்தோம். எட்டரைக்கு ஆவணி.

ஆவணி மலை முழுக்க ஒரே கல். அடிவாரத்தில் நுளம்பர் காலத்து இராமலிங்கேசுவரர் கோயில்கள், உச்சியில் சீதைக்கு ஒரு கோயில். வால்மீகி ஆசிரமம் இங்கேதான் இருந்தது, லவனும் குசனும் பிறந்தது இங்கேதான் என்பது அங்குள்ளோர் நம்பிக்கை. கோயில் இருக்கும் மலையில் சைக்கிள் ஏற்றக்கூடாது என்று முதலிலேயே பேசிக்கொண்டோம். ஊருக்கு வெளியே தாழ்வாகப் படுத்திருக்கும் மொட்டைப் பாறைகளைத் தேர்ந்தெடுத்தோம்.

உடனே ஏறவில்லை. மோவாபின் விதி இங்கேயும் பொருந்தும். இரவுப் பனி பாறை மேல் ஈரமாக நின்றது. கிரானைட் மணற்கல் மாதிரி அல்ல. நனைந்தால், அதுவும் பாசியும் கல்பூவும் படிந்த இடத்தில், கால் வைத்தாலே வழுக்கும். ஒன்பதரை மணிக்கு வெயில் உறைத்த பிறகு, டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டு இளைஞர்கள் கிளம்பினார்கள். காற்று குறைந்தால் டயர் தட்டையாகப் படுத்து அதிக இடத்தில் கல்லைப் பிடிக்கும். ஏறும்போது உடம்பை முன்னால் சாய்த்து, மூக்கு ஹாண்டில் பாரைத் தொடும்படி மிதிக்கிறார்கள். இறங்கும்போது சீட்டுக்குப் பின்னால் தொங்குகிறார்கள். முன் பிரேக்கை இரண்டு விரலால் தடவுகிறார்களே தவிர, ஒரேயடியாக அமுக்குவதில்லை. நான் சரிவு குறைந்த இடங்களில் ஓட்டினேன். மற்ற இடங்களில் சைக்கிளைத் தள்ளினேன். வயதுக்கேற்ற வழி அது.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் வெகு நேரம் பார்த்துவிட்டுத் தெலுங்கில் கேட்டார்: “ஏன் சாமி, ரோடு அவ்வளவு நல்லா இருக்கே, அதுல ஏதாவது தகராறா?” இல்லை, இது ஒரு விளையாட்டு என்றேன். “அப்படியா” என்று சொல்லிவிட்டு, எந்தப் பாறை இடுக்கில் மலைத்தேனீ அடை கட்டியிருக்கிறது, எந்தப் பக்கம் போகக்கூடாது என்று கைகாட்டினார். அந்த ஒரு வார்த்தைக்கே அவருக்கு நாங்கள் கடமைப்பட்டவர்கள். அப்புறம் சைக்கிள்களைக் கீழே பூட்டிவிட்டு, மலை மேல் நடந்தே போய்ச் சீதையை வணங்கித் திரும்பினோம்.

சயனைடு மேட்டில் வேண்டாம்

திரும்பி வரும்போதுதான் விஷயம் வந்தது. சாயங்கால வெயிலில் நம் சயனைடு மேடுகள் மஞ்சளும் வெள்ளையுமாகப் பளபளத்தன. “மாமா, இதுதான் அசல் பாலைவனம்! நாளைக்கு இதில் ஓட்டலாம்” என்றார்கள் பிள்ளைகள். சினிமாக்காரர்கள் படம் பிடித்த பிறகு பல ஊர் வாலிபர்கள் மோட்டார் சைக்கிளோடு வருகிறார்கள் என்பது நமக்குத் தெரியும். நம் பிள்ளைகளும் சறுக்கி விளையாடுகிறார்கள்.

கூடாது என்று சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். அது மணல் அல்ல. பூமிக்குள்ளிருந்து எடுத்த பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்த பின் மிஞ்சிய சக்கை. நாளாக ஆக வெயிலில் சயனைடு பெருமளவு சிதைந்துவிடும். ஆனால் அரைத்த கல்மாவு எங்கும் போகாது. அதிலுள்ள நுண்ணிய சிலிக்கா நெஞ்சில் போய்த் தங்கினால் திரும்பி வராது. சிலிக்கோசிஸ் என்ற சொல் தங்கவயலில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் தெரியும். அவர்கள் வீட்டில் அந்த இருமலைக் கேட்டிருக்கிறார்கள். பனிக்காலம் முடிந்து காற்று கிளம்பும் மாதங்களில் அந்த மாவு நம் சோற்றுத் தட்டு வரை வருகிறது. டயரால் அதைக் கிளறிவிட்டு, மூச்சு வாங்க மிதிப்பதைப் போன்ற கேடு வேறில்லை. பிள்ளைகள் பேசாமல் கேட்டுக்கொண்டார்கள்.

ரயிலில் போன குப்பை

இங்கேதான் மோவாபின் கதையில் மிச்சம் இருக்கிறது. அந்த யுரேனிய ஆலையும் 1 கோடியே 60 லட்சம் அமெரிக்க டன் சக்கையைக் கொலராடோ ஆற்றங்கரையில் குவித்துவிட்டுப் போனது. சைக்கிள்காரர்கள் வந்து ஊர் செழித்துவிட்டது, குப்பை கிடக்கட்டும் என்று அவர்கள் விடவில்லை. அமெரிக்க அரசு பொறுப்பேற்றது. 2009 ஏப்ரலில் தொடங்கி, மூடி போட்ட இரும்புப் பெட்டிகளில் அடைத்து, 30 மைல் வடக்கே கிரெசென்ட் ஜங்ஷன் என்ற இடத்துக்கு ரயிலிலேயே கொண்டுபோய்ப் புதைத்தார்கள். பத்தாண்டுகளுக்கும் மேலாக நடந்த வேலை அது.

நம்மிடம் 13 மேடுகள், சுமார் 3 கோடியே 30 லட்சம் டன் என்கிறார்கள். ஒரு சரக்கு ரயிலில் 58 வேகன், வேகனுக்கு 60 டன் என்று வைத்தால் சுமார் 3,500 டன். தினம் ஒரு ரயில் ஓடினாலும் 26 ஆண்டுகள் வேண்டும். மலைப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் 1894-ல் பௌரிங்பேட்டையிலிருந்து மாரிகுப்பத்துக்குச் சுரங்கத்துக்கென்றே ரயில் பாதை போட்டவர்களும், 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தவர்களும் மலைத்து உட்கார்ந்துவிடவில்லை. தங்கத்தை எடுக்க முடிந்த ஊரில் சக்கையை அடக்க முடியாது என்பதை என் இன்ஜினியர் மூளை ஏற்க மறுக்கிறது. எல்லாவற்றையும் அள்ளித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. நல்ல மண் போட்டு மூடி, புல்லும் மரமும் வளர்த்து, சுற்றி வேலி போட்டாலே பாதித் தூசி அடங்கும்.

2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை அந்த 13 மேடுகளிலிருந்து மறுபடி தங்கம் பிரிப்பதற்கு ஒப்புதல் தந்தது. மிஞ்சியிருக்கும் தங்கத்தை எடுக்கட்டும், வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. எடுத்த பின் மிஞ்சும் சக்கையை எங்கே, எப்படி, எதைப் போட்டு மூடப்போகிறார்கள் என்பதைத்தான் நாம் முதலில் கேட்க வேண்டும். 120 ஆண்டுகளில் ஏறக்குறைய 800 டன் தங்கம் கொடுத்த ஊருக்கு இந்த ஒரு கேள்வி கேட்க உரிமை உண்டு.

சைக்கிள் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. மோவாபிலேயே இன்று வீட்டு வாடகை ஏறிக்கிடக்கிறது. ஓட்டலில் வேலை செய்கிறவர்கள் அந்த ஊரில் குடியிருக்கச் சிரமப்படுகிறார்கள். நம் பிள்ளைகள் விடியற்காலை ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்கு ஓடுவதைப் பத்துச் சைக்கிள்கள் நிறுத்திவிடாது. ஆனால் ஒரு டீக்கடைக்கு வியாபாரம், ஒரு ஃபிட்டருக்குச் சைக்கிள் ரிப்பேர், வழிகாட்ட நாலு வாலிபர்களுக்குக் கூலி என்று தொடங்கலாம். மோவாபிலும் ஒரே ஒரு சைக்கிள் கடையில்தான் தொடங்கியது.

சங்கத்து இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். வருகிற மார்கழியில் பத்துப் பேர் சேருங்கள். கியர் சைக்கிள் இல்லாவிட்டால் பாதகமில்லை, பாறை வரை போக சாதாரண சைக்கிளே போதும். ஹெல்மெட் கட்டாயம். தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர். வெயில் ஏறி ஈரம் காய்ந்த பிறகே பாறையில் ஏறுங்கள். கோயிலுக்கும் தேன் அடைக்கும் ஆட்டு மந்தைக்கும் ஒதுங்கிப் போங்கள். பிளாஸ்டிக் உறை எதையும் அங்கே போட்டுவிட்டு வராதீர்கள். முக்கியமாக, உங்கள் தம்பி தங்கைகளைச் சயனைடு மேட்டுச் சறுக்கிலிருந்து இறக்கி, கையோடு பாறைக்கு அழைத்துப் போங்கள்.