பிஞ்சுகளும் காசமும் – 7: கழுத்தில் நெறி, கண்ணில் புள்ளி

சின்னக் குழந்தைக்குச் சளியைத் துப்பத் தெரியாது, விழுங்கிவிடும்; அதனால் காசநோய்ப் பரிசோதனைக்குச் சளி கிடைப்பது கடினம். தோலில் போட்டுப் பார்க்கும் மாந்தூ ஊசியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. சென்ற வாரம் அங்கே நின்றோம். இந்த வாரம் நுரையீரலுக்கு வெளியே: கழுத்து, கண், விரல்.

கழுத்து என்றதும் சாமுவேல் ஜான்சன் வந்து நிற்கிறார். ஆங்கில அகராதி தந்த அதே ஜான்சன். 1709-இல் லிச்ஃபீல்டில் பிறந்தவரைப் பாலூட்ட ஒரு செவிலித்தாயிடம் விட்டார்கள். சில வாரங்களில் கண் மங்கி, நோஞ்சானாக வீடு திரும்பினார். கழுத்தில் நெறி கட்டிப் புண்ணானது. கழுத்து நெறியில் வரும் காசநோய் அது; நம்மூர் வைத்தியர்கள் கண்டமாலை என்று சொன்ன நோய். இங்கிலாந்தில் அரசர் கை பட்டால் தீரும் என்று நம்பினார்கள். ஊரின் பெரிய மருத்துவர் சர் ஜான் ஃபிளாயரே லண்டனுக்குத் தூக்கிப் போகச் சொன்னார். 1712-இல் ஆன் அரசி தொட்டார். பிள்ளைக்கு இரண்டரை வயது. அன்று கழுத்தில் மாட்டிய காசு இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நோய் தீரவில்லை. கழுத்தில் அறுத்த தழும்பு கடைசிவரை இருந்தது.

அரசியைவிட வியப்பூட்டுபவர் ஜான்சனின் ஞானத்தந்தையான மருத்துவர் ஸ்வின்ஃபென். நோய் செவிலித்தாயிடமிருந்து வந்திருக்கும் என்றார் அவர். அவளுடைய மகனுக்கும் அதே நோய், அதே மங்கிய பார்வை. ஜான்சனே இதை எழுதிவைத்திருக்கிறார். ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் காட்டியது 1882-இல். அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே, குழந்தையின் கழுத்தைப் பார்த்த ஒருவர் அதை வளர்த்த வீட்டைப் பார்த்திருக்கிறார்!

இன்றும் முதல் கேள்வி அதுதான்: குழந்தையைத் தூக்கி வைத்திருப்பவர்களில் யார் இருமுகிறார்கள்?

காசநோய் நெறி தொட்டால் சுடாது, பெரும்பாலும் வலிக்காது. ஆன்டிபயாடிக் கொடுத்தும் இரண்டு வாரத்துக்கு மேலாகியும் அமுங்காது. ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாகும், சிலருக்கு உடைந்து சீழ் வடியும்.

கண்ணில் வருவது இன்னும் ஏமாற்றும். கருவிழி ஓரத்தில் சிறிய வெளிர்புள்ளி, சுற்றிலும் சிவப்பு, வெளிச்சம் பட்டால் கூச்சம். அந்தப் புள்ளியில் கிருமி இருக்காது. வேறெங்கோ பதுங்கிய கிருமிக்கு உடல் காட்டும் ஒவ்வாமை அது. வேறு காரணங்களாலும் வரும். ஆனால் சொட்டு மருந்தில் புள்ளி மறைந்ததும் தேடலை நிறுத்துவது பெரிய தவறு.

அடிபடாமலே ஒரு விரல் வீங்கி, வலியும் அதிகமில்லாமல் இருந்தால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். காசநோயால் எலும்பு உள்ளிருந்து உப்பியிருக்கலாம். சளி கிடைக்காத குழந்தைக்கு இப்போது மலத்திலேயே, கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் பரிசோதனை செய்ய முடியும். மருத்துவர் சீட்டில் 'பிரைமரி காம்ப்ளக்ஸ்' என்று எழுதியிருந்தால் அதுவும் டிபிதான்; மருந்தைப் பாதியில் நிறுத்தக் கூடாது.

மூளைக்கு இந்த வாரம் இடமில்லை; ஒரு முன்னோட்டம் மட்டும். ஜான்சனை லண்டனுக்கு அனுப்பிய அதே ஃபிளாயர்தான் நாடியை எண்ணவென்றே ஒரு நிமிடம் ஓடும் கடிகாரம் செய்வித்தவர். பின்னால் எடின்பரோவின் ராபர்ட் விட், நாடியின் வேகத்தை வைத்தே மூளையைத் தாக்கும் இந்நோயை மூன்று கட்டங்களாகப் பிரித்தார். 1768-இல் வந்த அவருடைய நூல் அடுத்த வாரம். அதுவரை காத்திருக்கக் கூடாதது ஒன்று உண்டு. கைக்குழந்தை ஓயாமல் சிணுங்கி, வாந்தி எடுத்து, சோர்ந்து தூங்கிக்கொண்டே இருந்தாலோ உச்சிக்குழி புடைத்தாலோ, அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.