புயலுக்கு முன் நம் மரங்கள்

குளிர்நாடுகளில் பனி தொடங்குமுன் மரத்தடியில் வைக்கோல் பரப்புவார்கள். நம் படப்பைப் பக்கம் மரங்களுக்கு ஆபத்து குளிரால் அல்ல, காற்றால். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில், அருகிலுள்ள வண்டலூர் உயிரியல் பூங்காவில் மட்டும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. மழையில் ஊறிய மண்ணில் வேர்ப்பிடி தளர்ந்துவிடும். அடர்ந்த தலையோ கப்பல் பாயைப்போலக் காற்றை வாங்கும்.

ஆகவே புரட்டாசியிலேயே உள்கிளைகளைக் கழித்து, காற்று புகுந்துபோக வழிவிடுவோம். ஒரே பக்கமாக வெட்டினால் மரம் மறுபக்கம் பாரம் தாங்காது. மின்கம்பியைத் தொடும் கிளையென்றால் மின்வாரிய ஆட்களையே அழைப்போம். அரிவாளோடு நாமே ஏறுவது வேண்டாம். முருங்கை மென்மரம். அதைத் தயங்காமல் குட்டையாக வெட்டலாம், மறுபடி துளிர்க்கும். தென்னையில் காய்ந்த மட்டைகளையும் முற்றிய காய்களையும் இறக்கிவிடுவோம். குலை தள்ளிய வாழைக்குச் சவுக்குக் கழியால் முட்டுக்கொடுப்போம். கழியை இப்போதே வாங்கி வைப்போம். புயல் எச்சரிக்கை வந்தபின் கடையில் கிடைக்காது.