இயந்திர மனிதப் பொம்மையும் அதன் தரமும்

ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி வீடும் வண்டியும் அமைக்கும் பிளாஸ்டிக் கட்டைகள் இன்று பல பள்ளிகளில் இடம் பெற்றுள்ளன. அவற்றுடன் வரும் சிற்றுருவங்களில் இயந்திர மனிதனுக்குத் தனிக் கவர்ச்சி உண்டு. மூல நிறுவனத்தின் பொம்மையோ விலை மிகுந்தது. அதே உருவில், அந்நிறுவனத்தின் பெயர் பொறிக்கப்படாத பொம்மை கடைத்தெருவில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. இதைப் போலியென ஒதுக்குவதா, சோதித்துப் பார்த்து ஏற்பதா என்பது பள்ளிக்காக வாங்கச் செல்லும் ஆசிரியர்முன் நிற்கும் கேள்வி.

டென்மார்க்கிலுள்ள லெகோ நிறுவனம் இக்கட்டையின் பொருத்தும் முறைக்கு 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமை கோரி விண்ணப்பித்தது. அக்காப்புரிமையின் காலம் முடிந்து பல ஆண்டுகள் கடந்துவிட்டன. கட்டையின் வடிவத்தை வணிக முத்திரையாகப் பதிவு செய்ய இயலாதென ஐரோப்பிய நீதிமன்றம் 2010-இல் தீர்ப்பளித்தது. ஆதலால் பொருந்தும் கட்டை செய்வது அங்கே தன்னளவில் குற்றமன்று. 1978-இல் வெளிவந்த மனிதச் சிற்றுருவத்தின் நிலை வேறு. அதன் வடிவ முத்திரை செல்லும் என்றே 2015-இல் ஐரோப்பியப் பொது நீதிமன்றம் முடிவு கூறியது. எனினும் சட்டம் வேறு, தரம் வேறு. பெயரில்லாப் பொம்மைகளிலும் நன்கு செய்யப்பட்டவை உண்டு.

தரத்தின் உயிர்நிலை பிடிப்பு. கட்டையின் மேலுள்ள குமிழின் விட்டம் 4.8 மில்லிமீட்டர். அடுத்தடுத்த இரு குமிழ்களின் மையங்களுக்கு இடையே உள்ள தூரம் 8 மில்லிமீட்டர். சதுரமாக நிற்கும் நான்கு குமிழ்களில் மூலைவிட்டமாக எதிரெதிரே உள்ள இரண்டின் மையத் தூரம் 11.31 மில்லிமீட்டர் என்று எட்டாம் வகுப்பு மாணவனும் கணக்கிட்டுவிடுவான். அதில் 4.8 கழிந்தால் எஞ்சும் 6.51 மில்லிமீட்டரே மேற்கட்டையின் அடியிலுள்ள குழாயின் வெளிவிட்டம். இவ்வளவு நெருக்கமான அளவில் நூறில் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் பிடிப்பு மாறிவிடும்.

அப்பிசகு எவ்வாறு நேர்கிறது? உருகிய ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் அச்சினுள் ஆறும்போது ஏறக்குறைய அரை சதவீதம் சுருங்கும். 4.8 மில்லிமீட்டர் குமிழில் இது 0.024 மில்லிமீட்டர். மூலப் பொம்மையையே அளந்து, சுருக்கத்துக்கு இடம் விடாமல் அச்சு வெட்டினால் குமிழ் இளைத்துப்போகும், கட்டை தளரும். நெடுங்காலம் உழைத்துத் தேய்ந்த அச்சிலோ குமிழ் பருத்துவிடும். குழந்தை பல்லால் கடித்துப் பிரிக்க வேண்டியதாகும். மலிவுப் பொம்மைகளில் இவ்விரு குறைகளையும் காணலாம்.

ஆகவே இயந்திர மனிதனைத் தட்டையான அடிப்பலகையில் நிறுத்திப் பலகையைத் தலைகீழாகத் திருப்புக, பொம்மை விழலாகாது. பின்னர் விரலால் எடுக்க, கால் கழன்று பலகையிலே தங்காமல் முழுப் பொம்மையும் வர வேண்டும். காலை எக்கோணத்தில் மடக்கினாலும் அது அங்கேயே நிற்கவும், உள்ளங்கை சுமார் 3.2 மில்லிமீட்டர் தடியைப் பற்றவும் வேண்டும். ஐம்பது முறை கழற்றி மாட்டிய பிறகு இச்சோதனைகளைத் திரும்பச் செய்தால்தான் உண்மை வெளிப்படும். விளிம்புகளில் பிசிறு இருந்தால் நகத்துக்குத் தட்டுப்படும். கண்ணும் பொத்தான்களும் அச்சிடப்பட்ட மார்பை ஈரத்துணியால் தேய்த்துப் பார்ப்பதும் நன்று.

பிளாஸ்டிக்கின் இனத்தை ஓரளவு அறிய இரு குவளை நீர் போதும். காற்றுக்குமிழி ஒட்டாதபடி நனைத்த உறுப்பைச் சாதாரண நீரில் இடுக. பாலிப்ரொப்பிலீன் மிதக்கும், ஏ.பி.எஸ். மூழ்கும். உப்பு மேலும் கரையாத அளவுக்குக் கரைத்த நீரில் ஏ.பி.எஸ். மிதக்கும், பி.வி.சி. மூழ்கும். பாலிஸ்டைரீன் மட்டும் ஏ.பி.எஸ். போலவே நடந்துகொள்ளும். ஆனால் ரப்பர்த் தன்மையூட்டும் பியூடடையீன் கலவாத பாலிஸ்டைரீன் வளைத்தால் பட்டென முறிந்துவிடும். வேதியியல் பாடத்தில் அடர்த்தியை விளக்க இதனினும் எளிய சோதனை கிடைப்பது அரிது.

வண்ணத்திலுள்ள ஈயத்தை மட்டும் எந்தக் குவளையும் காட்டாது. அதற்கு ஆய்வுக்கூடமே வேண்டும். விளையாட்டுப் பொருளிலிருந்து கரைந்து வெளிப்படும் ஈயம் கிலோகிராமுக்கு 90 மில்லிகிராமுக்கு மிகலாகாது என்பது ஐ.எஸ். 9873 தரவிதியின் வரம்பு. 14 வயதுக்குட்பட்டோர்க்கான விளையாட்டுப் பொருள்களுக்கு 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமாக்கப்பட்டது. முத்திரைக்கருகே உள்ள உரிம எண்ணைத் தர நிர்ணய அமைவனத்தின் கைப்பேசிச் செயலியில் இட்டுச் சரிபார்க்கலாம். எண்ணில்லாத முத்திரை வெறும் படமே.

பொம்மையின் தலை, கை முதலியன 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சோதனைக் குழலுள் எளிதில் அடங்குபவை. எனவே மூன்று வயது நிரம்பாத குழந்தைக்கு மூலப் பொம்மையும் ஆகாது. மூல நிறுவனத்தின் தலைகளில் காற்றுப் புகும் துளை உண்டு. விழுங்கப்பட்டாலும் மூச்சு முற்றும் அடைபடாதிருக்க இது உதவும். நகலில் அத்துளை தூர்ந்திருந்தால் தள்ளிவிட வேண்டும். இயந்திர மனிதனின் கண் ஒளிருமாயின் உள்ளே பொத்தான் மின்கலம் இருக்கும். அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திற்குள் சதையை அரித்துவிடக்கூடும். அதன் மூடி திருகாணியின்றி நகத்தால் திறக்குமானால், மற்றெல்லாச் சோதனைகளிலும் தேறிய பொம்மையாயினும் கடையிலேயே விட்டுவருக.