ஐம்பதிலிருந்து முப்பதுக்கு

1971இல் நெதர்லாந்துச் சாலைகளில் சுமார் 3,300 பேர் இறந்தார்கள். அவர்களில் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். 2023இல் இறந்தவர்கள் 684 பேர். இடையில் மக்கள்தொகை கூடியது. கார்கள் ஏறக்குறைய மும்மடங்காயின. சாவு இவ்வளவு குறைந்ததற்கு சீட் பெல்ட், ஹெல்மெட், நல்ல மருத்துவம் என்று காரணங்கள் பல. வீட்டு வாசலில் ஓடும் வண்டியின் வேகத்தைக் குறைத்ததும் அவற்றில் ஒன்று.

அன்று ஆம்ஸ்டர்டாமின் டெ பெய்ப் போன்ற பழைய குடியிருப்புகளில் தெரு ஒடுக்கம், வீடு அதைவிட ஒடுக்கம். பிள்ளைகள் விளையாட வாசலை விட்டால் இடமில்லை. அந்த வாசலையும் கார்கள் எடுத்துக்கொண்டன. 1972இல் அப்பகுதிச் சிறுவர்கள் தங்கள் தெருவைத் தாங்களே மறித்து நின்றார்கள். அதே காலத்தில், 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்பதையே பெயராகக் கொண்ட ஓர் இயக்கம் வீதிக்கு வந்தது. அதுவரை பாதுகாப்பு என்பது பிள்ளைக்குச் சொல்லும் புத்திமதி: ஓரமாகப் போ, இருபுறமும் பார். அதன்பின் ஓட்டுநருக்குப் புத்தி சொல்லும் வேலையைத் தெருவிடம் ஒப்படைத்தார்கள்.

அதற்கான வழியை டெல்ஃப்ட் நகரம் 1960களின் இறுதியிலேயே தேடத் தொடங்கியிருந்தது. நகராட்சிப் பொறியாளர் யோஸ்ட் வால் போன்றோர் அங்கே தெருவையே மாற்றிப் பார்த்தார்கள். நடைபாதைக்கும் சாலைக்கும் நடுவிலிருந்த மேடு போயிற்று. சுவரிலிருந்து சுவர்வரை ஒரே செங்கல் தளம். நேராக ஓடிய வழி, மரத்துக்கும் பூந்தொட்டிக்கும் இடையே வளைந்து வளைந்து போனது. 'வோனெர்ஃப்' எனப்பட்ட இத்தெருக்களை 1976இல் சட்டம் ஏற்றது. நடப்பவர் தெருவின் முழு அகலத்திலும் நடக்கலாம், குழந்தைகள் விளையாடலாம், கார் மட்டும் நடைவேகத்தில் ஊர வேண்டும்.

ஆனால் தெருவையே பெயர்த்துப் போடுவதற்குச் செலவு அதிகம். 1980களில் மலிவான மாற்று வந்தது: முகப்பில் '30' என்றொரு பலகை, உள்ளே சில வேகத்தடைகள். 1990களின் இறுதியிலிருந்து அது நாடெங்கும் பரவியது. 2023 டிசம்பரில் ஆம்ஸ்டர்டாம் தன் சாலைகளில் சுமார் 80 சதவீதத்துக்கு மணிக்கு 30 கிலோமீட்டரையே வரம்பாக்கியது. முன்பு பெரும்பாலும் 50. கணக்கு எளியது. பந்தின் பின்னே ஒரு பிள்ளை ஓடிவந்தால், 50இல் வரும் ஓட்டுநர் கண்டு பிரேக்கை மிதிப்பதற்குள் கார் 14 மீட்டர் கடந்துவிடும். 30இல் வரும் கார் அந்தத் தூரத்துக்குள் நின்றே விடும்.

அன்று சில தெருக்களுக்கு வாய்த்த நிதானம் இன்று பெரும்பாலான தெருக்களுக்குக் கிடைத்திருக்கிறது. ஆனால் அன்றைய சட்டம் குழந்தைக்குத் தெருவின் முழு அகலத்தையும் கொடுத்தது; இன்றைய பலகை அதைப் பத்திரமாகக் கடக்க மட்டுமே உதவுகிறது. குழந்தை நடைபாதைக்குத் திரும்பிவிட்டது. பந்து உருளக்கூடிய ஓரத்தில் மும்மடங்காகிவிட்ட கார்கள் வரிசையாக நிற்கின்றன. ஓடும் காரை வேகத்தடையால் அடக்கலாம். நிற்கும் காரிடம் அது செல்லாது.